வட்டப் பாத்தியும் சுண்ணாம்புக் காரையும்

ஒரு வீட்டின் இயல்பை அதன் முற்றம் காட்டும். ஒரு கல்லூரியின் இயல்பை அதன் தோட்டம் காட்டும். வகுப்பறையில் நாம் பெறும் கல்வி மணி அடித்தவுடன் முடிவெய்துகிறது. மரநிழலில் அமர்ந்து நண்பரோடு சொல்லாடிப் பெறும் கல்விக்கு மணியும் இல்லை. வருகைப் பதிவும் இல்லை. இங்குப் பயின்று சென்ற பெரியோர் பல ஆண்டுகள் கழித்து மீண்டு வரும்போது முதலில் தேடுவது தாம் அமர்ந்த பலகையை அன்று; தாம் அமர்ந்த மரத்தையே. ஆதலின் தோட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற, தோட்டக் கலை பயிலாத தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனாகிய யான் துணிந்தமையை அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

யான் எழுத நேர்ந்த காரணம் இது. நூலகத்திற்கு முன்னுள்ள மண் வெளியில் ஏழு மரங்கள் நிற்கின்றன: வேம்பு நான்கு, புங்கு இரண்டு, தூங்குமூஞ்சி ஒன்று. மழைக்காலத்தில் அவ்வெளி சேறாகிறது, கோடையில் புழுதியாகிறது. இக்குறையை நீக்கும் பொருட்டு, வெளி முழுவதையும் சமன்செய்து சிமெண்டுக் கற்கள் பாவி, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் நான்கு அடிச் சதுரமாகச் சிமெண்டுத் தொட்டி கட்டலாம் என்று ஒரு வரைபடம் மாணவர் மன்றத்தில் காட்டப்பட்டது. அதனை வரைந்தோரின் நோக்கம் நல்லது. காலணியில் சேறு படாமல் நூலகம் செல்ல விரும்பாதார் யார்? ஆயினும், அவ்வரைபடத்தைக் கண்டவுடன் என் உள்ளம் எங்கள் ஊருக்குச் சென்றது.

எங்கள் ஊர்க் கோவிலின் முன்னே ஒரு வேம்பு நின்றது. வழிபாடு முடிந்து வெளிவருவோர் அதன் நிழலில்தான் நலம் உசாவுவர். திருமணப் பேச்சுக்கள் தொடங்குவதும் அங்கே. பங்காளிச் சண்டைகள் முடிவதும் அங்கே. அதன் அடியைச் சுற்றி வட்டமாக ஒரு பழைய செங்கல் வரம்பு இருந்தது. யான் ஆரம்பப் பள்ளியில் பயின்ற காலத்தில், அவ்வரம்பு அழகாக இல்லை என்று கருதி, அதனை இடித்து, சதுரமாகச் சிமெண்டு மேடை கட்டினார்கள். மேடை அடிமரத்தை ஒட்டியே நிரப்பப்பட்டது. வேலையை மேற்கொண்ட முதிய கொத்தனார் ஒருவர் மட்டும் தயங்கினார். வேடிக்கை பார்த்து நின்ற என்னை நோக்கி, “மரம் வாயால் குடிப்பதில்லை, தம்பி, காலால் குடிக்கிறது. காலைக் கட்டிவிட்டால் எப்படிக் குடிக்கும்?” என்றார். கூலிக்கு வந்தவர் ஆதலால் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கரணையை எடுத்தார். மூன்று கோடைகள் கழிந்தன. உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாய்ப் பட்டன. நான்காம் ஆண்டு ஆடிக் காற்றில் ஓரிரவு மரம் சாய்ந்தது. விடியற்காலையில் சென்று பார்த்தோம். மேடை பிளவுபடாமல் அப்படியே இருந்தது; மரந்தான் இல்லை. இன்று அம்மேடையின்மீது வெயில் காய்கிறது; ஒருவரும் அமர்வதில்லை.

ஒரு மரம் வீழ்ந்ததற்குக் காரணம் ஒன்றே என்று யான் சாதிக்க வரவில்லை. ஆயினும் வேருக்கு நீரும் காற்றும் வேண்டும் என்பதும், மண்ணை இறுக மூடினால் இரண்டும் குறையும் என்பதும் தாவரநூல் வல்லார் அனைவர்க்கும் ஒப்பமுடிந்த உண்மை. 2013-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லி நகரத்து மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குள் உள்ள சிமெண்டுப் பூச்சை அகற்றுமாறு ஆணையிட்டது. அவ்வாணை பிறந்ததே நகரத்து மரங்கள் மூச்சுமுட்டி நிற்பதைக் கண்டமையால் அன்றோ? 2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலில் சென்னையில் பல ஆயிரம் மரங்கள் வீழ்ந்தன. நட்டு வளர்க்க ஒரு தலைமுறை வேண்டும். வீழ ஒரு பிற்பகல் போதும். ஆகவே நிற்கின்ற மரத்தின் வேரைப் பேணுவது நம் முதற் கடமையாகும்.

நிற்க. சிமெண்டு வேண்டாம் என்று மட்டும் கூறி அமர்வது எளிது. அதற்கு ஈடாக வேறொன்றைக் காட்டுவதே முறை. யான் காட்ட விழைவது புதியது அன்று. நம் முன்னோர் தோட்டத்திலும் தோப்பிலும் கிணற்றடியிலும் கையாண்ட வட்ட வடிவமும், செங்கல், கல், சுண்ணாம்பு என்னும் பழம்பொருள்களுமே அவை.

முதலில் வடிவத்தைக் கருதுவோம். மரத்தில் சதுரம் எங்கே உளது? அடிமரம் வட்டம், கவிகை வட்டம், உச்சிப் பொழுதில் வீழும் நிழல் வட்டம், வேரும் தடை இல்லாதவிடத்து நாற்புறமும் பரந்து செல்வது. ஒரு குடம் நீரைச் சமநிலத்தில் ஊற்றினால் அது நடுவினின்று எப்பக்கமும் ஒப்பப் பரவுகிறதேயன்றி, மூலை தேடி ஓடுவதில்லை. தென்னந்தோப்பு வைத்திருப்போர் இதனை நன்கறிவர். தென்னையின் அடியினின்று ஏறத்தாழ 1.8 மீட்டர் தொலைவுவரை வட்டப்பாத்தி எடுத்து, அதனுள்ளே உரமிட்டு நீர் பாய்ச்சுமாறு வேளாண் நூலாரும் இன்று அறிவுறுத்துகின்றனர். எழுத்தறியாத குடியானவன் மண்வெட்டியால் எழுதிய பாடத்தைப் பல்கலைக்கழகம் அளவுகோலால் அளந்து உறுதிப்படுத்தியது என்று கூறலாம்.

அன்றியும், வட்டத்தில் ஒரு சிக்கனம் உண்டு. வரம்பு கட்ட நாற்பத்துநான்கு அடி நீளத்திற்குச் செங்கல் இருப்பதாகக் கொள்வோம். அதனைக் கொண்டு சதுரம் அமைத்தால் பக்கம் பதினோரடி. பரப்பு 121 சதுர அடி. அதே செங்கல்லால் வட்டம் அமைத்தால் ஆரம் ஏழடி. பரப்பு 154 சதுர அடி. ஒரு செங்கல்லும் கூட வாங்காமல் 33 சதுர அடி நிலம் மிகுதியாகக் கிடைக்கிறது. வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பு வரும் என்று ‘கணக்கதிகாரம்’ என்னும் நம் பழங் கணித நூல் கற்பிக்கிறது. பாதிச் சுற்றளவு 22, பாதி விட்டம் 7; பெருக்க 154. திண்ணைப் பள்ளிச் சிறுவரும் மனக்கணக்காய்ப் போட்ட கணக்கு இது. ஓர் அங்குல மழை பெய்தால் இத்தகைய வட்டத்துள் ஏறத்தாழ 360 லிட்டர் நீர் வீழ்ந்து மண்ணுக்குள் இறங்க வழியுண்டு. வரைபடத்தில் உள்ள நான்கடிச் சதுரத்துள் வீழ்வதோ 38 லிட்டர் அளவே. எஞ்சிய மழையெல்லாம் சிமெண்டுக் கற்கள்மீது வழிந்து சாக்கடையைச் சேரும். பிறகு கோடையில் அதே மரத்திற்குக் குழாய் நீர் தேடி நாம் அலைவோம்.

வட்டத்திற்கு வலிமையும் உண்டு. சுற்றியுள்ள மண் அழுத்தும்போது, நேர்ச்சுவர் நடுவே வளைந்து பிளக்கிறது. மூலைகளில் விரிசல் காண்கிறது. வட்டச் சுவரிலோ ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லைத் தாங்க, அழுத்தம் முழுவதும் சமமாகப் பகிரப்படுகிறது. நம் ஊர்க் கிணறுகளுட் பல வட்டமாக அமைந்திருப்பது இதனாலேயாம். கீழடி அகழாய்வில் சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள் வெளிப்பட்டன. தமிழ் மாணவர்க்கு அது வியப்பன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, உறைகிணறுகளை உடைய புறச்சேரியைக் குறிப்பிட்டிருக்கிறது அன்றோ? நூலில் படித்த சொல் மண்ணிலிருந்து எழுந்து வந்து நம்முன் நின்றது. இருபது நூற்றாண்டுகட்கு முன்னரே வட்டமும் சுடுமண்ணும் இந்நிலத்தில் நட்புப் பூண்டிருந்தன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனிப் பொருள்களை நோக்குவோம். செங்கல் மண்ணிற் பிறந்தது. ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடுவது. நாட்பட நாட்பட நிறம் ஆழ்ந்து அழகு பெறுவது. கல்லோ சொல்லவே வேண்டா. இவற்றை இணைக்கும் காரையில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. சுண்ணாம்பையும் மணலையும் வட்டச் செக்கிலிட்டு எருதுகளால் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துக் காரை செய்தல் நம் நாட்டு வழக்கம். சிமெண்டோ இறுகியபின் சிறிதும் நெகிழாது. வேர் பருத்து நெருக்கினால் சிமெண்டுக் கட்டு வெடித்துப் பெரும் பாளங்களாய்ப் பெயர்கிறது. சுண்ணாம்புக் கட்டு சற்று இடங்கொடுத்து நிற்கிறது. மேலும், சிமெண்டில் கட்டிய செங்கல்லைப் பிரித்தால் கல் உடைகிறது. சுண்ணாம்பில் கட்டியதைப் பிரித்தால் காரையைச் சுரண்டிவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். ஒரு மரம் வளர, அதன் வரம்பும் வளர வேண்டும் அன்றோ? பிரித்துக் கட்டக்கூடிய வரம்பே தோட்டத்திற்கு ஏற்றது.

உலகநலம் கருதுவார்க்கு மற்றொன்றும் கூறலாம். சிமெண்டு செய்ய ஏறத்தாழ 1450 பாகை வெப்பம் வேண்டும். சுண்ணாம்பு சுட ஏறத்தாழ 900 பாகை போதும். மாந்தர் செயலால் உலகில் வெளிப்படும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலைச் சார்ந்தது. சுண்ணாம்புக் காளவாயும் அவ்வாயுவை வெளிவிடுவதே. ஆயினும் காரை இறுகும்போது காற்றிலுள்ள அவ்வாயுவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. கடன் வாங்கியவன் ஒரு பகுதியையேனும் திருப்பிக் கொடுப்பது போன்றது இது. அணைக்கும் பாலத்திற்கும் சிமெண்டு வேண்டும். அதனை மறுப்பது அறியாமை. ஒரு வேம்பின் அடியில் இடும் முழங்கால் உயரம்கூட இல்லாத வரம்புக்கும் அது வேண்டுமோ என்பதே என் வினா.

இவை பழைமைப் பற்றால் கூறும் வீண் பேச்சு என்பாரும் உளர். அவர்க்கு இரண்டு சான்றுகளை முன்வைக்கிறேன். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் (1917–2007) 1945-ஆம் ஆண்டில் தொழுநோயாளர்க்குப் பணியாற்றும் பொருட்டு இந்தியா வந்தவர். பின்னர் இந்நாட்டுக் குடிமகனாகவே வாழ்ந்தவர். திருவனந்தபுரத்தில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் வளைசுவர்களும் வட்டங்களும் செங்கல்லும் நிறைந்திருக்கின்றன. மரத்தை வெட்டிக் கட்டடத்திற்கு இடஞ்செய்யாமல், மரம் நின்ற இடத்தில் சுவரை வளைத்துச் சென்றமை அவர் பெருமை. வட்டச் சுவர் குறைந்த செங்கல்லில் மிகுந்த இடத்தை அடைக்கும் என்பதை ஏழைகளுக்கு வீடு கட்டும்போது அவர் சிக்கன வழியாகவே கையாண்டார். அயல்நாட்டில் கற்று வந்தவர், நம் கொத்தனாரிடம் மாணவராய் அமர்ந்து கற்றார். நாமோ நம் கொத்தனாரின் தயக்கத்தையும் செவிமடுக்கவில்லை.

மற்றொரு சான்று, புது டெல்லிக் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம். எட்வின் லட்யன்ஸ் வகுத்த அத்தோட்டத்தில் நேர்க்கோட்டு வாய்க்கால்களும் சதுரப் புல்வெளிகளும் பெரும்பான்மை. ஆயினும் அவையெல்லாம் சென்று முடிவது ஒரு வட்டத் தோட்டத்தில். நடுவே வட்டக் குளம், சுற்றிலும் படிப்படியாய் மலர்ப் பாத்திகள். நேர்க்கோடு நடப்பதற்கு, வட்டம் நிற்பதற்கு. இவ்வுண்மையே நமக்கும் வழிகாட்டும். நூலகத்திற்குச் செல்லும் பாதை நேராகவே இருக்கட்டும். மரத்தடியோ வட்டமாகவே இருக்கட்டும்.

என் கருத்திற்கு எழக்கூடிய தடைகளையும் மறைக்க விரும்பவில்லை. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தர் இக்காலத்தில் அரியர், காரை இறுக நாள் பிடிக்கும், கூலியும் கூடும். வட்டங்களுக்கு இடையே எஞ்சும் மூலைநிலங்கள் களை மண்டும். ஊன்றுகோலோடு வருவோரும் சக்கர நாற்காலியில் வரும் நண்பரும் செல்ல உறுதியான தளம் இன்றியமையாதது. இவையெல்லாம் மெய்யே. ஆதலின் பாதைக்குக் கற்களைப் பாவுவதை யான் எதிர்க்கவில்லை. பாதைக்கு அப்பாலும் பாவுவதையே எதிர்க்கிறேன். மூலைநிலங்களில் நொச்சியும் துளசியும் நந்தியாவட்டையும் நட்டால் களைக்கு இடமில்லை. கொத்தர் அரியர் என்பது வேலையை விடுவதற்குக் காரணம் ஆகாது; அவர்கள் இருக்கும்போதே அழைத்துக் கற்றுக்கொள்வதற்கே காரணம் ஆகும். ஒரு தொழில் அழிவது அதனை அறிந்தார் இறப்பதால் மட்டும் அன்று. அதனை வேண்டுவார் இல்லாமையாலுமாம்.

பழையது என்பதனாலேயே எதனையும் கொள்ளுதலும் தவறு. ஊர்தோறும் அரசமரத்தைச் சுற்றி உயர்ந்த மேடைகளைக் காண்கிறோம். அடிமரத்தில் மண்ணைக் குவித்து மூடினால் பட்டை அழுகும். பழைய வேர்கள் மூச்சிழக்கும். ஆகவே நமக்கு வேண்டுவது மேடை அன்று, வரம்பே. அது அடிமரத்தைத் தொடாமல் ஏழடி விலகி நிற்க வேண்டும். உள்ளே நிலமட்டம் இப்போதுள்ளவாறே இருக்க வேண்டும். அடித்தளம் தோண்டுகிறோம் என்று வேரை வெட்டிவிடலும் ஆகாது. அரையடி ஆழத்திற்கு மேல் தோண்டாமல் மணலிட்டு அதன்மேல் செங்கல்லை அடுக்கலாம். பெருவேர் குறுக்கிடுமாயின் அவ்விடத்தில் வரம்பில் வாயில் விட்டுவிடலாம். சுண்ணாம்பின் காரம் வேரைச் சுடுமாதலின், காரையை மரத்தடியில் குழைக்காமல் தொலைவில் குழைத்துக் கொணர வேண்டும்.

இதற்கு ஆகும் பொருளும் பெரிது அன்று. தரையில் வட்டம் இடக் கருவி வேண்டா. ஒரு கயிறு போதும். மரம் நடுவே நிற்பதால் முளையடிக்க இயலாது. கயிற்றின் ஒரு நுனியைத் தளர்ந்த வளையமாய் அடிமரத்தில் மாட்டி, மறுநுனியில் குச்சியைக் கட்டிச் சுற்றி நடந்தால் வட்டம் தானே எழுதப்படும். செங்கல்லின் தலைப்பக்கம் வெளியே தோன்றுமாறு அடுக்கினால் ஒரு வரிக்கு ஏறத்தாழ 105 கல்; மூன்று வரிக்கு 315 கல். பழைய விடுதியின் பின்புறம் இடிபாடாய்க் கிடக்கும் செங்கற்களே இரண்டு வட்டங்களுக்குப் போதும் என்று எண்ணிப் பார்த்தேன். உள்ளே உதிரும் சருகைப் பெருக்கி எரிக்காமல் அங்கேயே பரப்பிவிட்டால் ஈரம் காக்கும், உரமும் ஆகும், நாள்தோறும் எழும் புகையும் ஒழியும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. ஏழு மரங்களுக்கும் ஒருங்கே என்று கேட்கவில்லை. நூலக வாயிலின் வலப்புறம் நிற்கும் மூத்த வேம்பு ஒன்றிற்கு மட்டும் வரும் விடுமுறையில் ஒரு வட்ட வரம்பு கட்ட மாணவர்க்கு இசைவு தருக. சுண்ணாம்பு வேலை அறிந்த முதியவர் ஒருவரை அழைப்போம். அவர் கரணை பிடிக்க, நாம் கல் சுமப்போம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்ப்போம். சேறு குறையவில்லை, மரம் செழிக்கவில்லை எனின், வரைபடத்தின்படியே செய்க. அப்போது யான் வாய் திறவேன். சிமெண்டை இன்று இடாவிட்டால் நாளை இடலாம். இன்று இட்டு மரத்தை இழந்தால் நாளை அதனை நட்டு அதன் நிழலில் அமர நாம் இங்கு இருக்கமாட்டோம்.

சங்கப் பாடல்களில் ஊர்மன்றத்து மரங்கள் பல வருகின்றன. மன்றம் என்றதும் சுவரும் கூரையும் நம் நினைவுக்கு வருகின்றன. அன்று மரநிழலே மன்றம். அந்நிழல் பாவிய வெளியில் முதியோர் அமர்ந்தனர், இளையோர் ஆடினர், புதியோர் இளைப்பாறினர். நம் மாணவர் மன்றமும் அப்பெயரைத் தாங்குகிறது. பெயரைத் தாங்குவோர் நிழலையும் தாங்குவாராக. எங்கள் ஊர் வேம்பைக் காக்க ஒரு முதியவர் சொன்ன ஒரு சொல் அன்று கேட்பாரற்றுப் போயிற்று. அவர் இப்போது இல்லை. அவர் சொல்லை இங்கு எழுத்தில் வைத்துவிட்டேன். அதனைக் கேட்பதும் கேளாமையும் கல்லூரிப் பெரியோர் கையிலும், என் உடன்பயில் நண்பர்கள் கையிலும் உள்ளன.